முதலில் புதுப்பிக்க எந்தச் சிற்றலை வானொலி? நான்கு வாங்கிகளின் ஒப்பீடு

பழைய சிற்றலை வானொலிகளைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் முதலில் பார்ப்பது வயதையும் வெளித்தோற்றத்தையும்தான். பிற்காலத்துக் கருவி என்றால் எளிதில் சரிசெய்துவிடலாம், மிகப் பழையது என்றால் கைக்கு அடங்காது என்பது பலரிடமும் உள்ள எண்ணம். மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது இது பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. 1935ஆம் ஆண்டு வடிவமைப்பு ஒன்றை முழுமையாக உயிர்ப்பித்துவிட முடிகிறது. 1985இல் வந்த ஒன்றிலோ, அதற்கென்றே செய்யப்பட்ட ஒரு சில்லு (சிப்) போய்விட்டால் வேறொரு பெட்டியைப் பலிகொடுத்தால்தான் மாற்றுச் சில்லு கிடைக்கும். அதனால் நான்கு வாங்கிகளை (வானொலி அலைகளைப் பெறும் கருவிகளை) இங்கே ஒப்பிடும்போது, அவை எவ்வளவு நன்றாகக் கேட்கும் என்பதைவிட, பழுதைக் கண்டுபிடிக்கவும் பாகத்தை மாற்றவும் நமக்கு எவ்வளவு இடம் தருகின்றன என்பதையே முதன்மையாகக் கொள்கிறேன்.

நேஷனல் நிறுவனத்தின் எச்.ஆர்.ஓ. 1935இல் வெளிவந்தது. இதில் அலைவரிசை மாற்றும் சுவிட்ச் கிடையாது. ஒவ்வொரு அலைவரிசைக்கும் உரிய சுருள்கள் அடங்கிய ஒரு பெட்டியை, மேசை இழுப்பறையை உருவுவதுபோல் முன்பக்கத்திலிருந்து உருவி எடுத்துவிட்டு, வேறொன்றைச் செருக வேண்டும். நடுவிலுள்ள பெரிய டயலில் அதிர்வெண்ணும் எழுதப்பட்டிருக்காது. சிறு சாளரங்களில் 0 முதல் 500 வரை எண்கள் மாறிக்கொண்டே வரும், அந்த எண்ணைச் சுருள்பெட்டியின் முகப்பிலுள்ள வரைபடத்தில் தேடித்தான் எங்கே நிற்கிறோம் என்று அறிய வேண்டும். கேட்பவருக்கு இது சுற்றுவழிதான். புதுப்பிப்பவருக்கோ இதைவிட எளிய அமைப்பு கிடைப்பது அரிது. தேய்ந்துபோன சுழல் சுவிட்சோடு மல்லாட வேண்டியதில்லை. சுருள்பெட்டியின் தொடுமுனைகளைத் துடைத்து, அவை சரியாக அழுந்துகின்றனவா என்று பார்த்தால் போதும். மின்வழங்கி தனிப்பெட்டியாக இருப்பதால், அது தொலைந்துபோயிருந்தாலும் பொருத்தமான மின்னழுத்தங்களைத் தரும் ஒன்றை நாமே கட்டிக்கொள்ளலாம். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சுருள்பெட்டிகள் தொழிற்சாலையில் அந்தந்த வாங்கியோடு சேர்த்து ஒத்திசைக்கப்பட்டவை. வேறொரு வாங்கியின் சுருள்பெட்டியைச் செருகினால் வேலை செய்யும், ஆனால் வரைபடம் பொய் சொல்லும்; மறுபடி ஒத்திசைக்க வேண்டியிருக்கும்.

எச்.ஆர்.ஓ.வுக்கு மட்டுமன்றி, அக்காலத்து வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன் அதன் வேலையைச் செய்த வெற்றிடக் குழாய்) வானொலிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான ஒரு பாகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒலிப் பகுதியில் முதல் வால்வின் பிளேட்டையும் (சைகை வெளிவரும் முனை) வெளியீட்டு வால்வின் கிரிட்டையும் (சைகை நுழையும் முனை) இணைக்கும் ஒரு காகித மின்தேக்கி இருக்கும். மெழுகு பூசிய, விரல் பருமனுள்ள சிறு உருளை. இதன் வேலை ஒலிச் சைகையை மட்டும் கடத்திவிட்டு, பிளேட்டிலுள்ள உயர் மின்னழுத்தத்தைத் தடுப்பது. பல ஆண்டுகளில் காகிதம் ஈரத்தை உறிஞ்சுவதால் தடுப்பு தளர்ந்து, கிரிட்டில் நேர் மின்னழுத்தம் ஏறுகிறது. வெளியீட்டு வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கிறது. வால்வும், அதைவிட அரிய வெளியீட்டு மின்மாற்றியும் சேர்ந்து கருகுகின்றன. இத்தனையும் நடக்கும்போது வானொலி பாடிக்கொண்டேதான் இருக்கும். நான் தொடக்க காலத்தில் எடுத்த ஒரு வால்வு வானொலியில், நிலையங்கள் தெளிவாகக் கேட்ட மகிழ்ச்சியில் இந்தச் சோதனையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தேன். அரைமணிக்குள் தார் உருகும் வாசனை வந்தது. மின்மாற்றியைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து, மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அந்த ஒரு மின்தேக்கியை மாற்றிவிடுகிறேன்.

அடுத்து, காலின்ஸ் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக வடிவமைத்த ஆர்-390ஏ. 1950களின் வடிவமைப்பு, 0.5 முதல் 32 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதிர்வெண்ணைப் பழைய வாகனங்களின் தூர அளவியைப்போல உருளும் எண்களில் காட்டும். தேர்திறனில், அதாவது அருகிலுள்ள நிலையங்களை ஒதுக்கி ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பதில், இந்த நான்கில் இதற்கு இணை இல்லை என்பது என் கருத்து. 2, 4, 8, 16 கிலோஹெர்ட்ஸ் அகலங்களுக்கு நான்கு இயந்திர வடிகட்டிகளும், அவற்றினும் குறுகிய இரண்டு அகலங்களுக்குப் படிக வடிகட்டியும் உண்டு. ஏறக்குறைய 38 கிலோ எடையுள்ள இதன் உள்ளே பல்சக்கரங்களும், சுருள்களின் உள்ளகங்களை ஏற்றி இறக்கும் தட்டுகளும், அவற்றைத் தள்ளும் நெம்புருள்களும் நிறைந்திருக்கின்றன. இதைப் பிரித்துப் பழைய பிசினைக் கழுவி மீண்டும் சேர்க்கும்போது ஒரு பல் இடம் மாறினாலும் எண்கள் ஒன்றைக் காட்டும், சுருள்கள் வேறொன்றில் நிற்கும். நல்ல பக்கமும் உண்டு: உயர் அதிர்வெண், இடைநிலை அதிர்வெண் (வரும் சைகை உள்ளே மாற்றப்படும் நிலையான அதிர்வெண்), ஒலி, மின்வழங்கி என்று தனித்தனித் தொகுதிகளாகக் கழற்ற முடியும் என்பதால், பழுது எங்கே என்று வகுத்துப் பார்ப்பது எளிது. இங்கும் ஒரு மின்தேக்கி எமனாக உட்கார்ந்திருக்கிறது. சுற்றுப்படத்தில் சி553 என்று குறிக்கப்பட்டிருக்கும் அது கசிந்தால் உயர் மின்னழுத்தம் நேராக இயந்திர வடிகட்டிக்குள் பாய்ந்து, அதன் மெல்லிய சுருளை அறுத்துவிடும். அனுபவமுள்ளவர்கள் ஆர்-390ஏ கைக்கு வந்ததும் முதலில் தொடுவது அதைத்தான். இந்த வாங்கியை நான் மிகவும் மதிக்கிறேன்; ஆனால் முதல் வேலையாக எடுக்கச் சொல்ல மாட்டேன்.

யேசு நிறுவனத்தின் எஃப்.ஆர்.ஜி-7 வந்த 1970களின் நடுப்பகுதியில் வால்வுகள் போய் டிரான்சிஸ்டர்கள் வந்துவிட்டன. நுண்செயலி இன்னும் நுழையவில்லை. இந்த இடைக்காலமே புதுப்பிப்பவருக்குக் கிடைத்த வரம். இதன் அடிப்படை, தென்னாப்பிரிக்கப் பொறியாளர் டிரெவர் வாட்லியின் பெயரால் வழங்கும் வாட்லி சுற்று. ரேக்கல் நிறுவனத்தின் ஆர்.ஏ-17 என்ற வால்வு வாங்கி இதை முன்பே புகழ்பெறச் செய்திருந்தது. ஒரே அலைவியற்றி (உள்ளேயே அலையை உண்டாக்கும் சுற்று) தரும் அலை, வரும் சைகையோடு ஒருமுறையும், 1 மெகாஹெர்ட்ஸில் துல்லியமாக அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின் மடங்குகளோடு இன்னொரு முறையும் கலக்கப்படுகிறது. பின்னர் இவ்விரண்டின் வேறுபாடு எடுக்கப்படுகிறது. அலைவியற்றி சற்று நகர்ந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர்வதால், அந்த நகர்வு கழிந்துபோகிறது. விலையுயர்ந்த பாகம் எதுவும் இல்லாமலே டயல் நிலையாக நிற்பதன் காரணம் இதுதான். முகப்பிலுள்ள 'லாக்' விளக்கு பழுது பார்ப்பவருக்கும் பெருந்துணை. மெகாஹெர்ட்ஸ் குமிழைத் திருப்பும்போது ஒவ்வொரு இடத்திலும் அது அணைந்தால் சுற்று நலமாக இருக்கிறது. அணையாவிட்டால், அலை இருப்பதைக் காட்டும் சாதாரண அலைமானியைக் கொண்டு படிகத்திலிருந்து படிப்படியாகத் தேடிச் செல்லலாம். பெரும்பாலான பாகங்கள் கால்களோடு தனித்தனியாகப் பற்றவைக்கப்பட்டவை. குறை என்றால், இடைநிலை வடிகட்டி ஒன்றே ஒன்றுதான். அமெச்சூர் நிலையங்கள் பயன்படுத்தும், குறுகிய இடமே எடுக்கும் ஒற்றைப் பக்கப்பட்டைப் (எஸ்.எஸ்.பி.) பேச்சுக்கு அது அகலமாகப் படும்.

டிரான்சிஸ்டர் என்றாலே நோயற்றது என்று எண்ணிவிடக் கூடாது. 1960களின் ஐரோப்பிய வானொலிகளில் பரவலாக இருந்த ஏ.எஃப்.114 முதல் 117 வரையிலான ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களின் கூட்டுக்குள் வெள்ளீய மயிரிழைகள் வளர்ந்து, கூட்டை மற்றக் கால்களோடு இணைத்துவிடும். கூட்டோடு இணைந்த நான்காவது காலை வெட்டிவிட்டால் பலமுறை வானொலி மீண்டும் பேசிவிடுகிறது.

சோனியின் ஐ.சி.எஃப்-2010 1985இல் வந்தது. மங்கி மங்கி வரும் நிலையத்தையும், வரும் அலையோடு ஒத்தியங்கி ஒலியைப் பிரித்தெடுக்கும் ஒத்தியங்கு பிரிப்பி பிடித்து நிறுத்துவதை ஒருமுறை கேட்டவர்கள் இதை எளிதில் விட்டுத்தர மாட்டார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் நானும் இதையே முதலில் எடுப்பேன். நீண்ட வெளி ஆண்டெனாவில் தேங்கும் நிலைமின்னால், ஆண்டெனாச் சைகையை முதலில் வாங்கும் எஃப்.இ.டி. என்ற டிரான்சிஸ்டர் இறந்துவிடுவது இதன் நன்கறிந்த பலவீனம். அதை மாற்றுவது கடினமல்ல. விசைப்பலகையையும் அதிர்வெண் கட்டுப்பாட்டையும் நடத்தும் சில்லுகளுக்குத்தான் மாற்று இல்லை. இன்னொன்று: கணினிப் பகுதிக்கென்று தனியாக இரண்டு 'ஏஏ' மின்கலங்கள் வேண்டும். அவை இல்லாததால் செத்துப்போனதாக ஒதுக்கப்பட்ட பெட்டிகள் உண்டு. வாங்க எண்ணும் முன் புதிய மின்கலங்களைப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் திரையில் எழுத்து வரவில்லை என்றால், பாகங்களுக்காக வாங்குவதாகவே கணக்கிட வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை வால்வு வாங்கிகள் கேட்கும் கவனம் வேறு வகையானது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் வடிகட்டு மின்தேக்கிகளில் ஆளைத் தூக்கியெறியும் அளவுக்கு மின்னேற்றம் நிற்கும். ஒரு மின்தடையின் வழியே அதை வடித்து, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 போல மின்மாற்றியே இல்லாத வால்வு வாங்கிகளில் சேசிஸே (உலோக அடிச்சட்டமே) வீட்டு மின்கம்பியோடு தொடர்புகொண்டிருக்கும் என்பதால், வீட்டு மின்சாரத்திலிருந்து கருவியைப் பிரித்துவைக்கும் பிரிப்பு மின்மாற்றி இல்லாதவர்கள் அவற்றைத் திறக்காமல் இருப்பதே நல்லது. எஃப்.ஆர்.ஜி-7ஐ மின்கலங்களில் இயக்கிக்கொண்டே சோதிக்க முடிகிறது. தொடக்கநிலையில் இது சிறிய வசதியல்ல.

ஆகவே முதலில் எஃப்.ஆர்.ஜி-7, அடுத்து எச்.ஆர்.ஓ. என்பதே என் வரிசை. இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. எஃப்.ஆர்.ஜி-7 சீரானதும் அதுவே ஓர் அளவுகருவியாகிவிடுகிறது. எச்.ஆர்.ஓ.வின் இடைநிலை அதிர்வெண் 456 கிலோஹெர்ட்ஸ். அதன் அலைவியற்றி, கேட்கும் அதிர்வெண்ணைவிட அவ்வளவு மேலே ஓடுகிறது. எச்.ஆர்.ஓ.வை வரைபடத்தின்படி 7,000 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தி, அருகில் ஒரு சிறு கம்பியோடு எஃப்.ஆர்.ஜி-7ஐ வைத்து, 7,456ஐ ஒட்டி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு வலுவான அலை இருந்தால் அலைவியற்றி உயிரோடு இருக்கிறது. சற்றுத் தள்ளி இருந்தால், சுருள்பெட்டியை எவ்வளவு ஒத்திசைக்க வேண்டும் என்பதும் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.