பழைய வீடு வாங்குறீங்களா? ஆப்ல இன்ஸ்பெக்டர் புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க (18,500 போச்சு)

18,500 ரூபாய். பெங்களூர் மல்லேஸ்வரத்துல ஒரு பழைய வீட்டை வாங்குறதுக்கு முன்னாடி பரிசோதிச்சு ரிப்போர்ட் கொடுக்கச் சொல்லி, ஒரு வீட்டுச் சேவை ஆப்புக்கு நான் கட்டின பணம். ரிப்போர்ட்டும் வந்தது, கலர் பிரிண்ட்ல, கல்யாண ஆல்பம் கனத்துக்கு. போன வாரம் பெய்ஞ்ச மழையில படுக்கையறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கட்டில் மேல விழுந்தது. நல்லவேளை, அம்மா ஹால்ல படுத்திருந்தாங்க.

நாங்க கோயமுத்தூர்ல இருந்து வந்தவங்க, கான்கிரீட் வீட்டுலயே இருந்து பழக்கம். 1898 பிளேக்குக்கு அப்புறம் வளர்ந்த இந்தப் பேட்டைகள்ல வீட்டுச் சங்கதியே வேற. மரக்கட்டைகளை வரிசையா போட்டு, அது மேல சின்னச் செங்கலைச் செங்குத்தா அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ். அதைத் தெரிஞ்சவங்கதான் பார்க்கணும். பேங்க் அனுப்புற வேல்யூவர் விலைக்குத்தான் பார்ப்பார், கூரைக்கு இல்ல. அதுக்குத்தான் 18,500.

வந்த ஆள் வாசல்லயே, "அண்ணா, தமிழா? நானும் ஆம்பூர்தான்"னார். அவ்வளவுதான், அம்மா கொண்டுவந்த பிளாஸ்க் காபியில பாதி அவருக்குப் போயிடுச்சு. "கவலைப்படாதீங்கம்மா, என் சொந்த வீடு மாதிரி பார்க்குறேன்." சுவத்துல காது வச்சுத் தட்டினார். ஒரு மீட்டரை அழுத்தினார், பீப்னு சத்தம், "ஓதமே இல்லண்ணா." புது பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைக்குது, அதைப் பத்தி மூச்சு விடல. மொட்டை மாடிச் சாவியை நீட்டினேன். "வேணாண்ணா, கீழேருந்தே தெரியும்."

அந்த மனுஷனுக்கு என்ன தெரிஞ்சது தெரியுமா? ரிப்போர்ட்ல இருக்கு: "கூரை: ஆர்.சி.சி. ஸ்லாப், நல்ல நிலை." ஆர்.சி.சி.ன்னா கான்கிரீட். அண்ணாந்து பார்த்தா கட்டை வரிசை தெரியுற கூரைங்க அது! பாத்ரூம் போட்டோவுல நீல டைல்ஸ். எங்க வீடு முழுக்க ரெட் ஆக்சைடு தரை, ஒரு டைல்ஸ் கிடையாது. யார் வீட்டு பாத்ரூமோ, பாவம்.

மேஸ்திரி வந்து ஸ்குரூடிரைவரால கட்டை முனையில குத்தினார். பிடி வரைக்கும் உள்ள போச்சு. சுவத்துக்குள்ள இருக்கிற முனையெல்லாம் கரையான். மாடியில சுண்ணாம்புத் தளத்து மேல யாரோ சிமெண்ட் பூசியிருக்காங்க. வெடிப்புல இறங்கின தண்ணி காய வழியில்லாம கட்டையை ஊற வச்சிருக்கு. ரிப்பேருக்கு 3,40,000 ஆகுமாம். 18,500 தனி.

ஆம்பூர்க்காரர் என் நம்பரை எடுக்குறதே இல்ல. அம்மா போன்ல இருந்து கூப்பிட்டா, "ஆப்ல பேசுங்க மேடம்." அன்னைக்கு அம்மா, இப்ப மேடம். ஆப்காரங்களோ "அவர் எங்க ஊழியர் இல்ல, சர்வீஸ் பார்ட்னர்"ங்கிறாங்க. அப்புறம் ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினாங்க: கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பார்ப்போம். கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டையைத்தானேய்யா கான்கிரீட்னு எழுதினீங்கன்னு கேட்டேன். சாட் கட். இன்னைக்குக் காலைல புகாரை மூடிட்டு, அடுத்த புக்கிங்குக்கு 500 ரூபாய் கூப்பன் அனுப்பியிருக்காங்க. 18,500-க்கு 500!

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. இந்த வேலைக்குன்னு நம்ம நாட்டுல தனி லைசென்ஸ் கிடையாது, யார் வேணா இன்ஸ்பெக்டர்னு வரலாம். மாடி ஏறாத ஆளுக்குக் காசு கொடுக்காதீங்க. பழைய கட்டட வேலை தெரிஞ்ச சிவில் இன்ஜினீயரா பாருங்க. மழைக்காலத்துல ஒரு தடவை வீட்டைப் பாருங்க. புது பெயிண்ட்னா சந்தேகப்படுங்க. ஏமாந்தா 1915 நுகர்வோர் உதவி எண். ஆன்லைன் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துல புகாரை ஏத்துக்கணும், ஒரு மாசத்துல முடிக்கணும்னு 2020 விதியே இருக்கு. நானும் எழுதிப் போட்டிருக்கேன்.

மெட்ராஸ் டெரஸ் வேலை தெரிஞ்ச கொத்தனார் பெங்களூர்ல யாராவது இருந்தா சொல்லுங்க. இந்த மேஸ்திரி மொத்தத்தையும் இடிச்சுட்டு ஸ்லாப் போட்டுடலாம்ங்கிறார்.