ஸ்கூபா டேங்க் ஸ்டாண்ட் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் பாதியை விட்டுவிடுவேன். கடலுக்கடியில் மூச்சுவிடக் காற்று அடைத்து முதுகில் மாட்டிக்கொள்ளும் ஸ்கூபா டேங்கை வீட்டில் நிமிர்த்தி வைக்க ஸ்டாண்ட் என்று சொல்லி, டைவிங் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடை என் மாதச் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டு பெயின்ட் அடித்த தகரத்தை அனுப்பியிருக்கிறது. அது பிய்ந்து, காற்று நிரம்பிய டேங்க் அப்படியே சாய்ந்து வால்வ் தரையில் மோதியது. அந்த நேரம் அறையில் யாரும் இல்லை.

படுக்கவைத்திருந்தால் விழுந்தே இருக்காதே என்று சிலர் கேட்கிறார்கள். ஓரிரு நாளைக்குப் படுக்கவைத்து, உருளாமல் கட்டை கொடுத்தால் போதும், படகில் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். மாதக்கணக்கில் வைப்பதென்றால் கதை வேறு. உள்ளே துளி ஈரம் இருந்தாலும் அது கீழே போய்த் தங்கும். நிமிர்ந்து நிற்கும் டேங்கில் அந்தக் கீழ்ப்பகுதி அடித்தளம், உலோகம் தடிமனாக இருக்கும் இடம். படுத்திருந்தால் அதே ஈரம் மெல்லிய பக்கச் சுவரில் நீளவாக்கில் தேங்கி அரிக்கும். அதனால்தான் நிமிர்த்தி வைக்கிறோம். ஆனால் 80 கன அடி காற்று அடைக்கும் அலுமினிய டேங்க் காலியாக இருக்கும்போதே 14 கிலோ இருக்கும், நிற்பதற்கு அதற்கு இருக்கும் அடிப்பாகமோ சுமார் 18 சென்டிமீட்டர் அகலம்தான். பிடிமானம் இல்லாமல் நிறுத்தினால் கால் பட்டாலே சாயும், சாய்ந்தால் முதலில் அடி வாங்குவது வால்வ். நிரப்பிய டேங்கின் உள்ளே இருப்பது 200 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு.

சரி, நம்பிய கதைக்கு வருகிறேன். வாங்கும் முன் அந்தக் கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் விலையைச் சொல்லும் முன்பே, "சார், உங்க டேங்க் அடிப்பக்கம் தட்டையா, உருண்டையா?" என்று கேட்டார். ஸ்டீல் டேங்க் பலவற்றுக்கு அடி உருண்டை, பூட் என்கிற அடி உறை மாட்டாமல் நிற்காது, இது டேங்கோடு பழகியவருக்குத்தான் தெரியும். அந்த ஒரு கேள்வியில்தான் நான் விழுந்தேன். "மரைன் கிரேட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சார், வெல்டிங்கெல்லாம் நானே நின்னு பாத்து அனுப்புறேன்" என்றார். மரைன் கிரேட் என்றால் கடல் உப்பையும் தாங்கும், எளிதில் துருப்பிடிக்காத ரகம். பணம் போனது.

வந்த பொருள் பார்க்கப் பளபளவென்று இருந்தது. பிய்ந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது. டேங்கைச் சுற்றிப் பிடிக்கிற வளையத்தை, சுற்றிலும் வெல்டிங் செய்யாமல் இரண்டு புள்ளி வைத்து ஒட்டியிருக்கிறார்கள். உடைந்த இடத்தில் செம்மண் நிறத்தில் துரு. ஸ்டீலாம்! வளையத்துக்குள் ரப்பர் என்று சொன்னது இருபக்கப் பசை டேப்பில் ஒட்டிய ஸ்பாஞ்ச், அது விலகி, வளையத்தின் வெறும் இரும்பு பட்டு டேங்கின் பெயின்டைச் சுரண்டி வைத்திருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்ட அலுமினியத்தோடு இரும்பு உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் குழி விழும், குழி ஆழமானால் டேங்கையே கழித்துவிடுவார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ எங்கே என்றார்கள். போனில் அவ்வளவு இனிக்கப் பேசியவர் "லீவு". கடைசியில் ஒரு பெண்மணி, "சார், அது காலி டேங்க் வைக்கிற ஸ்டாண்ட், நீங்க காத்து அடைச்சு வச்சதால வெயிட் கூடிடுச்சு" என்றார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. முழுக்க நிரப்பினாலும் உள்ளே இருக்கும் காற்று 3 கிலோகூட வராது. அதுவும் போக, டேங்கின் எடை முழுவதையும் தாங்குவது தரை, வளையத்துக்கு இருக்கும் ஒரே வேலை சாயவிடாமல் பிடிப்பது. இதை விளக்கமாக எழுதி அனுப்பினேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு மெசேஜ், கூடவே அடுத்த முறை வாங்கினால் தள்ளுபடி தரும் கூப்பன். பாதி மாதச் சம்பளத்துக்குப் பதில் கூப்பன்! இதில் வால்வ் செலவும் டெஸ்டிங் செலவும் சேரவே இல்லை.

நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. வெல்டிங்கைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். ஸ்டாண்ட் எதுவானாலும் சுவரில் கொக்கி அடித்து, டேங்கின் மேல்பக்கத்தைச் சுற்றி ஒரு பட்டையும் போடுங்கள். நீண்ட நாள் வைப்பதானால் முழுக்க நிரப்பி வைக்க வேண்டாம், சுத்தமாகக் காலி செய்தும் வைக்க வேண்டாம், ஈரம் உள்ளே போகாமல் இருக்க 10 முதல் 20 பார் விட்டு வால்வை மூடிவிடுங்கள். பூட் இருந்தால் கழற்றிக் கழுவுங்கள், உப்பு அதற்குள்தான் தங்கும். வெயில் படும் இடம், அடுப்புப் பக்கம் கூடவே கூடாது. விழுந்த டேங்கை, பார்க்க நன்றாக இருந்தாலும், பரிசோதிக்காமல் திரும்ப நிரப்பாதீர்கள்.

என்னுடையது டெஸ்டிங்கில் இருக்கிறது. ரிப்போர்ட் வந்ததும் அதையும் சேர்த்து முறைப்படி புகார் கொடுக்கப் போகிறேன், அந்தப் பாதிச் சம்பளத்தை விடுவதாக இல்லை. இதே மாதிரி வளையத்தில் ஸ்பாஞ்ச் ஒட்டிய ஸ்டாண்ட் உங்கள் வீட்டிலும் இருந்தால், இன்றைக்கே டேங்கை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.