அறுவைக்குப் பிறகு அம்மாவை எங்கே தங்கவைப்பது: உறவினர் வீடா, சர்வீஸ் அபார்ட்மென்ட்டா, ஹோட்டலா?

புற்றுநோய் அறுவைக்காக அம்மாவையோ அப்பாவையோ ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்து வரும் குடும்பங்கள் டாக்டரையும் செலவையும் விசாவையும் பலமுறை அலசுகின்றன. தங்குமிடம் மட்டும் கடைசி வாரத்தில், வாடகையைப் பார்த்து முடிவாகிறது. பார்க்க வேண்டியது வார்டிலிருந்து அனுப்பிய பிறகு வரும் பத்துப் பதினைந்து நாள். அறுவைக் காயத்தில் சேரும் நீரை வெளியே வடிக்கும் டியூப், ஊசி, வலி மாத்திரை, காய்ச்சல் பயம் எல்லாம் அப்போதுதான் வீட்டாரின் கைக்கு வருகின்றன.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு அறை வாடகைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம். வீவக வாடகைக்குக் குறைந்தது 6 மாதம், தனியார் வீட்டுக்கு 3 மாதம் என்பது சட்டம். சுற்றுலா பாஸில் வந்தவர் வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கவே முடியாது. தையல் பிரிக்காத நோயாளியோடு இரவோடிரவாக இடம் மாறும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

உறவினர் வீட்டில் ரசம் சாதம் கிடைக்கும், பேச்சுத்துணை இருக்கும், இரவில் எழுந்து உதவ ஆள் இருக்கும். சிக்கல் வீட்டின் அமைப்பில்தான். விருந்தாளிக்கு ஹாலில் தரையில் மெத்தை விரிப்பது நம் வழக்கம். வயிற்றில் அறுவை முடிந்தவரால் தரையிலிருந்து எழ முடியாது. பக்கவாட்டில் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ முழங்கால் உயரக் கட்டில் வேண்டும். கழிவறை வாசல் படியும் ஈரத் தரையும் அடுத்த ஆபத்து. குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வழுக்காத விரிப்பும் போட்டுவிடுங்கள். சில பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது என்பதால், அரை மாடி ஏற வேண்டுமா என்று நேரில் போய்ப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் சளிக் காய்ச்சலும், பழக்கூடையோடு வரும் சொந்தபந்தமும் இதோடு சேரும். பார்க்க வருகிறவர்களை முதல் பத்து நாளுக்கு வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு அந்த வீட்டுக்காரருடையது. நோயாளியால் அதைச் சொல்ல முடியாது.

தூரமும் முக்கியம். நள்ளிரவில் 995க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் பெரும்பாலும் அருகிலுள்ள பொது மருத்துவமனைக்கே போகும், அறுவை செய்த இடத்துக்கு அல்ல. வடக்கே உட்லண்ட்ஸில் தங்கி, நகர மையத்தருகே ஊட்ரமில் அறுவை செய்தவருக்கு இது பெரிய வித்தியாசம். அறுவைக் குறிப்பு, மாத்திரைப் பட்டியல், டாக்டர் பெயர் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வாசலருகே வையுங்கள்.

சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும். அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருப்பது பலருக்கு அவசியம்: இரைப்பை அறுவைக்குப் பிறகு மூன்று வேளைச் சாப்பாடு ஒத்துவராது, ஐந்தாறு முறை சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பதிவு செய்யுமுன் குளியலறையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை வைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தனி ஷவர் இருந்தால் நல்லது. வீடு திரும்பும் நாள் தள்ளிப்போவது சகஜம், ஆகவே கூடுதல் கட்டணமில்லாமல் தேதி மாற்ற முடியுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

ஹோட்டல், அறுவைக்கு முந்தைய பரிசோதனை நாட்களுக்குப் போதும். அதற்குப் பிறகு ஒரே ஒரு சூழலில்தான் அதை முன்னே வைப்போம்: ஃபேரர் பார்க் மருத்துவமனையில் அறுவை என்றால். அங்கே ஹோட்டல் அதே வளாகத்தில் இருக்கிறது, லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கத்து இட்லிக் கடைகளும் நடக்கும் தூரம். ஊட்ரமில் புற்றுநோய் நிலையமும் பொது மருத்துவமனையும் இருக்கும் வளாகத்துக்கு லிட்டில் இந்தியா ஹோட்டலில் தங்கினாலும் ரயிலில் நாலே நிறுத்தம்தான். ஆனாலும் டியூபோடு ரயில் ஏறுவதை டாக்டர்கள்கூட விரும்ப மாட்டார்கள், டாக்சிக்குப் பணம் ஒதுக்குங்கள்.

அந்த டியூபைப் பற்றிக் கொஞ்சம். மார்பக அறுவைக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் அது இருக்கலாம். நுனியிலுள்ள குமிழ் பாதி நிறைந்ததும் அளவுக் கோப்பையில் கொட்டி, மில்லியில் எழுதி, குமிழை நசுக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகே மூடியை அடைக்க வேண்டும். நசுக்காமல் மூடினால் உறிஞ்சும் விசை இராது, நீர் உள்ளேயே தேங்கும். ஒரு நாளில் வருவது 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். நேற்றுவரை நன்றாக வந்தது இன்று திடீரென நின்றால் குணமல்ல, அடைப்பாக இருக்கலாம். பளிச்சென்ற சிவப்பில் வேகமாக நிறைந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆக எங்கள் முடிவு: வந்திறங்கி அறுவைவரை உறவினர் வீடு, வார்டிலிருந்து வந்ததும் டியூப் எடுக்கும்வரை மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில் சர்வீஸ் அபார்ட்மென்ட், பிறகு மறுபடி உறவினர் வீடு. செலவு தாங்காது என்றால் நடுவிலுள்ள அந்த அபார்ட்மென்ட் நாட்களில் ஒரு வாரத்தையாவது விடாதீர்கள். பிள்ளை குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால், பெற்றோர் வெளிநாட்டவராக இருந்தாலும் மெடிசேவை (மருத்துவத்துக்கான பிள்ளையின் கட்டாயச் சேமிப்பை) வரம்புக்குட்பட்டு அவர்களின் மருத்துவமனைக் கட்டணத்துக்கு எடுக்கலாம். தங்கும் செலவுக்கு அது உதவாது. மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்பீடு வெளிநாட்டவருக்கு இல்லை.

திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டாம். திசுப் பரிசோதனை முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். கீமோ தேவையா என்பது அதைப் பொறுத்தது. பெரிய வயிற்று அறுவைக்கும் நெஞ்சறை அறுவைக்கும் பிறகு பறக்கப் பொதுவாக 10 நாளாவது ஆக வேண்டும். விசிட் பாஸ் முடியும் என்று தோன்றினால், மருத்துவமனைக் கடிதத்தோடு நீட்டிப்புக்கு முன்னதாகவே விண்ணப்பியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி, வயிற்றுப் புற்று அறுவைக்குப் பிறகு 28 நாள்வரை தொடரலாம். மிச்சமிருப்பதை டாக்டர் கடிதத்துடன் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் சிடியையும் திசுக் கண்ணாடித் தகடுகளையும் புறப்படுமுன் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள், ஊரிலுள்ள டாக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.