கிளிப் போட்ட பற்களும் ஒரு குட்டி பிரஷ்ஷும்: இரண்டு வருஷ அனுபவம்

பல்லுக்கு கிளிப் போட்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, தண்ணீரைப் பீய்ச்சிப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃப்ளாசர் வாங்கலாமா என்றுதான். வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் மருந்துக்கடைக்குப் போய் பல்லிடுக்கில் நுழைக்கும் குட்டி பிரஷ், அதாவது இன்டர்டென்டல் பிரஷ் ஒரு பாக்கெட் வாங்கிவிடுங்கள். மேலும் கீழும் மெட்டல் கிளிப்போடு இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்துவிட்டு, இப்போது பல் திரும்ப நகராமல் பிடித்து வைக்கும் ரீடெய்னருக்கு வந்திருக்கிறேன். இந்தக் காலத்தில் வாங்கிப் பார்த்த சாமான்களில் என் ஈறுகளைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், விரல் நீளம்கூட இல்லாத அந்த பிரஷ்ஷைத்தான் காட்டுவேன்.

அழுக்கு எங்கே தங்குகிறது என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். பல்லின் நடுவில் கம்பியைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு, அதாவது பிராக்கெட், ஒட்டியிருக்கும். அதற்கும் ஈறுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும். சாதாரணமாகத் தேய்த்தால் பிரஷ் பிராக்கெட்டின் முகப்பில் ஏறிப் போய்விடும், அந்தப் பட்டை தப்பித்துவிடும். அங்கே படியும் வெள்ளைப் படலத்தில் இருக்கும் கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பல்லின் கெட்டியான மேற்பூச்சான எனாமலில் உள்ள கால்சியத்தைக் கரைக்கிறது. கிளிப்பைக் கழற்றிய பிறகு சிலருக்குப் பல்லில் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்பு தெரியுமே, அது இப்படி வருவதுதான். சுத்தம் சரியில்லையென்றால் ஒரு மாதத்திலேயே கூட ஆரம்பித்துவிடும். முழுக்க மறைவதும் அரிது. பல்லை வரிசையாக்க இவ்வளவு காசும் காலமும் செலவழித்துவிட்டு, கடைசியில் தழும்போடு நிற்க யாருக்கும் நேரக் கூடாது.

இரவுதான் முக்கியம். தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைந்துவிடும், அமிலத்தைக் கழுவிவிட ஆளில்லை. அதனால் படுக்கும் முன் தேய்ப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கிவிட்டேன். முதலில் வெறும் தண்ணீரால் பலமாகக் கொப்பளிப்பேன். அப்புறம் பிரஷ்ஷை ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து, ஒவ்வொரு பல்லிலும் சின்னச் சின்ன அசைவாகத் தேய்ப்பேன். அடுத்த சுற்றில் பிராக்கெட்டின் மேற்புறம், அதற்கடுத்து கீழ்ப்புறம். நடுவில் பள்ளம் விட்ட கிளிப் பிரஷ் கிடைக்கிறது. நல்லதுதான், ஆனால் மென்மையான சாதாரண பிரஷ்ஷிலும் வேலை நடக்கும். எதை வாங்கினாலும் கம்பியில் உரசி உரசி முட்கள் சீக்கிரம் விரிந்துவிடும். மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், விரிந்ததுமே மாற்றிவிடுங்கள்.

இப்போது அந்தக் குட்டி பிரஷ். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியது போல இருக்கும். கம்பிக்கு அடியில் மேலிருந்து கீழாக நுழைத்து, பிராக்கெட்டின் இந்தப் பக்கம் இரண்டு இழுப்பு, அந்தப் பக்கம் இரண்டு இழுப்பு. நன்றாகத் தேய்த்துவிட்டோம் என்று நம்பிக்கையோடு இருக்கும்போதுகூட, அதை வெளியே எடுத்தால் முனையில் வெள்ளையாக மாவு போல ஒட்டியிருக்கும். கீரை சாப்பிட்ட நாளில் பச்சையாக வரும். சரியான அளவு பார்த்து வாங்க வேண்டும். லேசான உரசலோடு நுழைய வேண்டும், திணிக்கக் கூடாது. திணித்தால் நடுக்கம்பி வளைந்து ஈறைக் குத்தும். எனக்கு முன்பற்களுக்கு ஒரு அளவு, கடைவாய்க்கு அதைவிடப் பெரியது. கழுவி உலர்த்தினால் ஒரு பிரஷ் பல நாள் வரும்.

வாட்டர் ஃப்ளாசர் நான் வாங்கியது சார்ஜ் போடும் வகை. மதியம் சாப்பிட்டதும் பருக்கைகளை அடித்து வெளியேற்றுவதில் அதற்கு நிகரில்லை. கம்பி இறுக்கிவிட்ட நாளில் பல்லைத் தொட்டாலே வலிக்கும்போது பெரிய ஆறுதல். ஆனால் ஒட்டிப் பிடித்த படலத்தைத் தண்ணீர் மட்டும் முழுதாக எடுத்துவிடாது, தேய்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் நாசிலில் வெள்ளையாகப் படிந்து பீய்ச்சும் வேகம் குறைகிறது. குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன்.

ஃப்ளாஸ் செய்ய, அதாவது பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்ய, சூப்பர்ஃப்ளாஸ் நல்ல வழி. நூலின் ஒரு முனை விறைப்பாக இருப்பதால் ஊசி போலக் கம்பிக்கு அடியில் நுழைத்துவிடலாம். எல்லாப் பல்லுக்கும் செய்ய நேரம் பிடிக்கும். தினமும் முடியவில்லை என்பவர்கள் ஒரு நாள் மேல்வரிசை, மறுநாள் கீழ்வரிசை என்று வைத்துக்கொள்ளலாம்.

பேஸ்ட் விஷயத்தில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, ஃப்ளோரைடு இருக்கிறதா என்று. நம் ஊரில் விற்கும் ஃப்ளோரைடு பேஸ்ட்களில் அதிகபட்ச அளவு 1000 பிபிஎம், அட்டையிலேயே போட்டிருப்பார்கள். மூலிகை பேஸ்ட்கள் பலவற்றில் ஃப்ளோரைடே கிடையாது. கிளிப் போட்டிருக்கும் காலத்துக்காவது ஃப்ளோரைடு உள்ளதற்கு மாறிக்கொள்ளுங்கள். கரித்தூள், சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம்.

அக்கா மகனுக்குச் சமீபத்தில் கிளிப் போட்டார்கள். "சித்தி, மவுத்வாஷ் ஊத்திக் கொப்பளிச்சா போதாதா?" என்று கேட்டான். போதாது. படலம் அங்கேயே இருக்க, மேலே வாசனைத் தண்ணீர் ஓடிவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஒரு சமயம் எனக்குக் கீழ்வரிசையில் ஈறு வீங்கி பிராக்கெட்டைத் தொடும் அளவுக்கு வந்தது. தொட்டாலே ரத்தம். டாக்டர் க்ளீனிங் செய்துவிட்டு, 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷை இரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். பேஸ்ட் போட்டுத் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும் என்றார், பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் குறைத்துவிடுமாம். நாக்கில் ருசி மாறும், நீண்ட நாள் விட்டால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும். அதனால் அவர் சொன்ன நாள் முடிந்ததும் நிறுத்திவிட்டேன். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டால் வீக்கம் கூடத்தான் செய்யும். மென்மையாக, ஆனால் விடாமல் தேய்க்க வேண்டும். அப்படித்தான் எனக்கு வற்றியது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை முறுக்கு, சீடை, கரும்பு, கடலை மிட்டாய் நான்கையும் தள்ளி வைத்தேன். பிராக்கெட் பெயர்ந்தால் சிகிச்சையே தள்ளிப்போகும். அதைவிடக் கெடுதல், பல்லில் ஒட்டிக்கொண்டே கிடக்கும் பிஸ்கட்டும் மைசூர்பாவும், நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடிக்கும் சர்க்கரை போட்ட டீயும். இனிப்பு வேண்டுமானால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு ஒரே தடவையாகச் சுத்தம் செய்துவிடலாம். அப்புறம் கம்பியை பிராக்கெட்டோடு பிடித்து வைக்கும் ரப்பர் வளையம். நிறமில்லாததைப் போட்டால் ஒரு சாம்பார் சாதத்திலேயே மஞ்சளாகிவிடும், தேய்த்தாலும் போகாது. அது அழுக்கல்ல, மஞ்சள் ஏறிய ரப்பர், அவ்வளவுதான். சாம்பல் நிறமோ கருநீலமோ கேட்டு வாங்குங்கள்.

கிளிப் கழற்றிய அன்று டாக்டர் பல்லைக் காய வைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தழும்பு எங்கும் இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஆனால் கீழ்முன்பற்களின் உட்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டிவிட்டிருக்கிறார்கள், பல் திரும்ப நகராமலிருக்க. எச்சில் வந்து சேரும் துளை அங்கேதான் இருப்பதால் காரை, அதாவது கெட்டியாகிப் போன படலம், மற்ற இடங்களைவிட அங்கே சீக்கிரம் கட்டும். எனவே சூப்பர்ஃப்ளாஸ் இன்னும் தொடர்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு க்ளீனிங்கும். மேல்வரிசைக்குக் கழற்றி மாட்டுகிற ரீடெய்னர். அதை வெந்நீரில் போட்டால் நெளிந்துவிடும். பச்சைத்தண்ணீரும் தனியாக ஒரு மென்மையான பிரஷ்ஷும் போதும். பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்து அதில் அழுக்கு சேரும்.