தத்தெடுக்கக் காத்திருப்பவர்களுக்கு: நடுவில் நிற்கும் தரகரிடம் பணம் கட்டாதீர்கள்

நாங்கள் டெக்சாஸில், டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறோம். 2024-ல் ஒரு பச்சைக் குழந்தையைத் தத்தெடுக்கப் போய் 22,900 டாலரைத் தொலைத்தோம். பணம் போனதாவது பரவாயில்லை. எங்கள் பெயரைச் சொல்லி ஒரு கர்ப்பிணிப் பெண்ணையும் ஏமாற்றியிருந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை. இங்கே தத்தெடுக்க நினைக்கும் நம்மவர்கள் பலரும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, யாரையும் விசாரிக்காமல் இறங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இறங்கினேன்.

முதலில் இங்கே இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான 'காரா'வின் தளத்தில் பதிந்துவிட்டு வரிசைப்படி காத்திருப்பது போல இல்லை. அமெரிக்காவில் குழந்தையைப் பெறப்போகும் பெண்தான் குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பாள். அதற்கு முன் 'ஹோம் ஸ்டடி' முடிய வேண்டும். உரிமம் உள்ள ஏஜென்சியின் சோஷியல் ஒர்க்கர் வீட்டுக்கு வருவார். சம்பளம், உடல்நலம், கைரேகை, அக்கம்பக்கத்தார் சொல்வது என எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை எழுதுவார். பிறகு நம்மைப் பற்றி ஒரு 'ப்ரொஃபைல் புக்' தயாரிப்போம், படங்களும் ஒரு கடிதமும் வைத்து. அந்தப் பெண் பல புத்தகங்களைப் பார்ப்பாள், பிடித்தவர்களோடு பேசுவாள். ஓப்பன் அடாப்ஷன் என்றால் உறவு அதோடு முடிவதில்லை. குழந்தை பிறந்த பிறகும் படம் அனுப்புவது, கடிதம் எழுதுவது, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நேரில் பார்ப்பது என்று பெற்றவளும் பிள்ளையின் வாழ்க்கையில் இருப்பாள்.

என் அம்மா கும்பகோணத்திலிருந்து போனில் கேட்டார்: "பெத்தவ வந்து போயிக்கிட்டிருந்தா பிள்ளை நம்மகிட்ட ஒட்டுமாடி?" எனக்கும் ஆரம்பத்தில் அந்தப் பயம் இருந்தது. எங்கள் ஏஜென்சி நடத்திய வகுப்பில், தத்துப் பிள்ளையாக வளர்ந்த ஒருவர் வந்து பேசினார். தன்னைப் பெற்றவளின் முகம் தெரியாமலே ஐம்பது வயதைத் தாண்டியவர். அன்றைக்கு என் மனம் மாறியது. இப்போதும் அதில் மாற்றமில்லை. இந்தப் பதிவு ஓப்பன் அடாப்ஷனுக்கு எதிரானது இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சம்மதித்துத் தாய் போடும் கையெழுத்து, குழந்தை பிறந்த பிறகு போட்டால்தான் செல்லும். டெக்சாஸில் குறைந்தது 48 மணி நேரம் கழிய வேண்டும். பென்சில்வேனியாவில் 72 மணி நேரம், அதற்குப் பிறகும் கையெழுத்தைத் திரும்பப் பெற 30 நாள். அதுவரை அது அவள் பிள்ளை. அவள் மனம் மாறினால் அது மோசடி இல்லை, அவளுடைய உரிமை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஹோம் ஸ்டடி ஒழுங்காக முடிந்தது. "ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம்" என்றார் சோஷியல் ஒர்க்கர். எனக்கு வயது 41. நான்கு முறை ஐவிஎஃப் செய்து தோற்றிருந்தோம். ஒரு நாள் ராத்திரி போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: சராசரியாக மூன்றே மாதத்தில் 'மேட்ச்', அதாவது நம்மைத் தேர்ந்தெடுக்கும் கர்ப்பிணி கிடைத்துவிடுவாள். மறுநாள் காலையில் பேசினேன். அந்த அம்மாள் ஏஜென்சியும் இல்லை, வக்கீலும் இல்லை. 'ஃபெசிலிடேட்டர்' என்று சொல்லிக்கொண்டார். நம் பேச்சில் தரகர். அரை மணி நேரம் நான் அழுததைப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "உங்கள் சோஷியல் ஒர்க்கரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், ஏஜென்சிக்காரர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது" என்றார். அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும்.

கட்டணம் 16,500 டாலர், வங்கி வழியாக ஒரே தவணையில். பதினோரு பக்க ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில், ஒரு பெண்ணோடு எங்களைச் சேர்த்துவைத்ததுமே அவர்கள் வேலை முடிந்தது, அதன் பிறகு எது நடந்தாலும் பணம் திரும்பாது என்று இருந்தது. என் கணவர் அதைப் படித்துக் காட்டினார். "எல்லாரும் இப்படித்தான் போடுவார்கள்" என்று நான்தான் கையெழுத்துப் போட வைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் மேட்ச். வேறொரு மாநிலத்தில் இருக்கும் பெண், ஐந்தாம் மாதம், ஆண் குழந்தை. ஸ்கேன் படம் ஒன்று வந்தது. பெயரும் தேதியும் இருக்கும் மூலை வெட்டப்பட்டிருந்தது. அந்தரங்கம் காக்க என்றார்கள், நம்பினேன். ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்து, காலையில் பால் எடுக்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அந்தப் பெண்ணோடு நேரடியாகப் பேச விடவில்லை. "அவள் ரொம்பப் பயந்த சுபாவம், எல்லாம் என் வழியாகவே இருக்கட்டும்" என்றார் தரகர். அவள் வீட்டு வாடகைக்கு என்று மாதம் 1,600 டாலர், நான்கு மாதம் அனுப்பினோம். இப்படிப்பட்ட வாழ்க்கைச் செலவை டெக்சாஸில் உரிமம் உள்ள ஏஜென்சி வழியாகத்தான் கொடுக்க முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எதற்கு, எவ்வளவு, யார் வழியாக என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மீறினால் குழந்தையை விலைக்கு வாங்கிய குற்றமாகவே ஆகிவிடலாம்.

கடைசி மாதத்தில் என் கணவர் பிடிவாதம் பிடித்ததால் ஒரு சந்திப்புக்கு ஒத்துக்கொண்டார்கள். விமானம் ஏறிப் போனோம். தரகர் வருவதாக இருந்தது, வரவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து உணவகம் ஒன்றில் அந்தப் பெண் தனியாக வந்து உட்கார்ந்தாள். என் கடைசித் தங்கை வயதுகூட இருக்காது. பையிலிருந்து எங்கள் ப்ரொஃபைல் புக்கை எடுத்து மேசையில் வைத்தாள், பலமுறை புரட்டி ஓரமெல்லாம் மடங்கிப் போயிருந்தது. நான் கையில் எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கங்கள் இல்லை. சுருள் கம்பியில் கிழிந்த தாளின் துணுக்குகள் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தன. அவளுக்கென்று நான் எழுதிய கடிதம் அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. டல்லாஸில் இருக்கிறோம், வருடத்துக்கு இரண்டு முறை நேரில் வருகிறோம், மாதம் ஒரு முறை வீடியோவில் பேசலாம் என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

"டெக்சாஸா?" என்றாள். "காரில் இரண்டு மணி நேரம்தான், நினைத்தபோது வந்து பார்க்கலாம் என்றுதானே சொன்னார்கள்?" எங்களிடம் தரகர் சொன்னது நேர் எதிர்: "பிரசவம் முடிந்ததும் அவள் ஒதுங்கிவிடுவாள், உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டாள்."

வாடகையைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நான்கு மாதத்தில் அவள் கைக்கு வந்தது 900 டாலர். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ் நான்காக மடித்துப் பைக்குள்ளேயே இருந்தது. அதோடு இன்னொரு ப்ரொஃபைல் புக். வேறொரு தம்பதி, ஒரு நாய்க்குட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அவர்கள் ஒரு முன்னெச்சரிக்கைக்கு என்றார்கள். அவர்களும் பணம் கட்டுகிறார்களா?" என்று கேட்டாள். எங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவள் வாங்கிய சாப்பாட்டைத் தொடவே இல்லை.

அடுத்த ஒன்பதாம் நாள் குழந்தை பிறந்தான். அவள் தானே வளர்க்க முடிவு செய்தாள். சித்தி வீட்டில் இடம் கிடைத்திருக்கிறது. அழுதோம், மறைக்கவில்லை. ஆனால் அவள் எங்களை ஏமாற்றவில்லை. யாராவது அவளைக் குறை சொன்னால் நான் கோபப்படுகிறேன். தரகரோ, "இன்னும் 4,000 கட்டினால் அடுத்த மேட்சுக்கு மாற்றிவிடுகிறேன்" என்று ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அப்புறம் பதிலே இல்லை.

பிறகு தேடிப் படித்தபோதுதான் இது புதிதில்லை என்று தெரிந்தது. மிச்சிகனில் டாரா லீ என்பவர் உரிமம் இல்லாமலே தத்து ஏற்பாடு செய்து, ஒரே கர்ப்பிணியை இரண்டு குடும்பங்களுக்குக் காட்டியும், இல்லாத கர்ப்பிணிகளைச் சொல்லியும் பணம் பறித்தார். 2020-ல் பத்து ஆண்டுச் சிறை. அதே ஆண்டில் அரிசோனாவின் பால் பீட்டர்சன் என்ற வக்கீல், மார்ஷல் தீவுகளிலிருந்து கர்ப்பிணிகளைக் கூட்டிவந்து தத்து நடத்திய வழக்கில் தண்டனை பெற்றார். அவர் அங்கே மாவட்ட அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியில் இருந்தவர். கலிபோர்னியா 2023-ல் ஃபெசிலிடேட்டர் தொழிலையே சட்டம் போட்டுத் தடுத்தது.

இனி உங்களுக்கு. யார் பணம் கேட்டாலும், எந்த மாநிலத்தில் என்ன உரிமம் என்று கேட்டு, அந்த மாநில அரசின் தளத்தில் நீங்களே பாருங்கள். கர்ப்பச் சான்று, அந்தப் பெண்ணின் ஒப்புதலோடு மருத்துவமனையிலிருந்து நேராக உங்கள் வக்கீலுக்கு வர வேண்டும். தரகர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். அந்தப் பெண்ணுக்குத் தனி வக்கீல் இருக்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் வக்கீலே அவளுக்கும் பேசுவது சரியில்லை. அவளோடு நேரில் பேச விடாதவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். சேர்ந்து வாழ்நாள் முழுக்க ஒரு பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்றால் அதில் ஏதோ மறைக்கப்படுகிறது.

தகப்பனைப் பற்றிக் கேட்டபோது, "அவன் ஓடிவிட்டான், அதை விடுங்கள்" என்றார் தரகர். விட முடியாது. டெக்சாஸில் தகப்பன் என்று உரிமை கோருபவர் குழந்தை பிறந்து 31 நாளுக்குள் அரசுப் பதிவேட்டில் பதியலாம். அதைத் தேடிப் பார்க்காமல் தத்து உறுதியாகாது. அதேபோல் படிவத்தில் 'இந்தியன்' வம்சமா என்ற கேள்வி வரும். அது நம்மைக் கேட்பதில்லை, அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றியது. 1978-ன் சட்டப்படி, பழங்குடிக் குழந்தை என்றால் பிறந்து பத்து நாளுக்குள் தாய் கொடுக்கும் சம்மதம் செல்லாது. நீதிபதி முன்னிலையில்தான் கொடுக்க வேண்டும். எங்கள் தரகர் அந்தக் கேள்வியையே கேட்டிருக்கவில்லை.

படம், கடிதம், சந்திப்பு எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில மாநிலங்களில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்துக்குச் சட்ட பலம் உண்டு, சிலவற்றில் நம் நாணயம் மட்டும்தான். அதனால் செய்ய முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, உள்நாட்டுத் தத்து முயற்சி கைகூடாமல் போனாலும் மத்திய வரிச் சலுகை உண்டு. 2025-க்கு உச்சவரம்பு 17,280 டாலர். சட்டத்தை மீறிக் கொடுத்த பணத்துக்கு அது பொருந்தாது என்று எங்கள் கணக்கர் சொல்லிவிட்டார். ஹோம் ஸ்டடி, வக்கீல், விமானச் செலவு மட்டும் கணக்கில் வந்தது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை நடக்கிறது. அதனால்தான் இங்கே பெயரைச் சொல்லவில்லை.

கிழிக்கப்பட்ட அந்த இரண்டு பக்கங்களை அவளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். படித்துவிட்டுப் பையனின் படம் ஒன்றை அனுப்பினாள். நாங்கள் பழைய ஏஜென்சியிலேயே மறுபடி காத்திருக்கிறோம். இந்த மாதிரி ஒப்பந்தம் யார் கைக்காவது வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு தனிச்செய்தி அனுப்புங்கள். எங்களுடையதைப் பெயர்களை மறைத்து அனுப்புகிறேன், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.