மழைமேகம் தீட்ட ஈரத்தாளா, உலர்தாளா?

நீர்வண்ணத்தில் மேகம் தீட்டப் பழகுபவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது ஈரத்தாள் முறையைத்தான். தாள் முழுவதையும் நனைத்து, அந்த ஈரத்திலேயே வண்ணத்தை விட்டால் மேகம் தானாக விரியும். குளிரூட்டிய அறையில் இது அழகாக நடக்கும். ஆனால் மரினா அணைக்கட்டின் புல்வெளியில் உட்கார்ந்து செய்து பாருங்கள். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். நனைத்த தாள் எளிதில் காயாது. கருநீலம் நின்ற இடத்தில் நிற்காமல் பரவி, வெள்ளைக்காக ஒதுக்கிய இடத்தையும் விழுங்கிவிடும். அவசரப்பட்டு ஈரத் தூரிகையை மறுபடி வைத்தாலோ, பாதி காய்ந்த வண்ணத்தைப் புதுநீர் தள்ளிக்கொண்டுபோய்க் காலிபிளவர் போல ஓரம் கட்டும்.

உலர்தாள் முறையில் கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது. குறிப்பாக, ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலை ஒட்டி மேற்கிலிருந்து வரும் சுமத்ரா சூறை எனும் இடிமழை மேகவரிசைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. அந்த மேகத்தின் முன்விளிம்பு கூர்மையானது. அடியில்தான் மழையாகக் கரைகிறது. தூரிகை நிறைய வண்ணம் எடுத்து, காய்ந்த தாளில் விளிம்பை ஒரே இழுப்பில் போட வேண்டும். உடனே, வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த இன்னொரு தூரிகையால் அதன் கீழ்ப்பக்கத்தை மட்டும் வருடி, பலகையைச் சாய்த்துப் பிடித்தால் மழைத்திரை தானே இறங்கும்.

ஈரத்தாளை ஒதுக்கவும் முடியாது. டிசம்பர், ஜனவரியின் வடகிழக்குப் பருவமழை வானத்துக்கு விளிம்பே கிடையாது. அதற்கு ஈரத்தாள்தான், அறைக்குள் இருந்து தீட்டுவதே நல்லது.

டிஷ்யூவால் ஒற்றி வெள்ளை எடுக்கும் மூன்றாவது வழி எனக்குப் பிடிப்பதில்லை. எல்லா மேகமும் ஒரே மாதிரி ஆகிவிடும். மேலும், தாலோ நீலம் என்ற அடர்நீல வண்ணம் தாளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும். ஒற்றினாலும் முழுதாக வராது.

எந்த முறையானாலும் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் வேண்டும். மலிவான மரக்கூழ்த் தாளில் ஈரம் சீராக நிற்காது.

சாம்பல் நிறத்திலும் போட்டி உண்டு. குழாயில் வரும் பேயின்ஸ் கிரே வசதியானது, ஆனால் தட்டையாகக் காய்கிறது. அல்ட்ராமரீன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பைக் கலந்தால் நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் படிந்து, சாம்பலுக்குள் மழையின் சொரசொரப்பு தெரியும். பழுப்பைக் கொஞ்சம் கூட்டினால் இடிக்கு முந்தைய அந்த மங்கிய வெளிச்சமும் வந்துவிடுகிறது. பேயின்ஸ் கிரேயைத் தூரத்துக் கப்பல்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.