பள்ளிக்கு வராவிட்டால் பணம் கட்: எந்த விதி வேலை செய்தது?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் மாதாந்திர உதவித்தொகை என்ற விதி இன்று பல நாடுகளில் இருக்கிறது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். வரிப்பணத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கக் கூடாது என்பார்கள் ஒரு பக்கம். காசில்லாதவர் வீட்டுப் பிள்ளையை மட்டும் அரசு ஏன் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்பார்கள் மறுபக்கம். நிபந்தனை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தச் சண்டை தீராது. வருகை குறைந்தால் எந்தப் பணத்தை நிறுத்துகிறார்கள், நிறுத்துவதற்கு முன் யாராவது ஏன் வரவில்லை என்று கேட்டார்களா என்று பார்த்தால் திட்டங்களுக்குள் இருக்கும் வித்தியாசம் புரியும்.

மெக்சிகோவும் விஸ்கான்சினும்

இரண்டுமே வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பணத்தை முடிவு செய்தவை. ஆனால் குணத்தில் நேரெதிர்.

மெக்சிகோவின் புரோகிரேசா 1997-இல் தொடங்கியது. பணம் அம்மா கையில் போய்ச் சேரும். மூன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கு. வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும், ஏனென்றால் வயது ஏற ஏற அந்தப் பிள்ளை வெளியே சம்பாதிக்கக்கூடிய கூலியும் ஏறுகிறது. தொடக்கப் பள்ளி தாண்டியதும் பையனைவிடப் பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல், படிப்பை நிறுத்துவது அந்தக் கட்டத்தில் பெண்களிடம் அதிகமாக இருந்ததால். வருகை 85 சதவீதம் இருக்க வேண்டும். மாதத்தில் 20 பள்ளி நாள் என்றால், தகுந்த காரணம் இல்லாமல் மூன்று நாள் வரை போகாமல் இருக்கலாம். நாலாவது நாளும் போகாவிட்டால் அந்த மாதத்துக்கான படிப்புத் தொகை கிடையாது. குடும்பத்துக்கு ஏற்கெனவே இருந்த வருமானத்தில் யாரும் கை வைக்கவில்லை. மேலே வந்த தொகைதான் போகும்.

இதை 506 கிராமங்களில் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். தொடக்கப் பள்ளியில் பெரிய மாற்றம் இல்லை, அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த கட்டப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கைதான் நன்றாக ஏறியது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது: பிள்ளைகள் நின்றுபோகும் படியில் காசு வைத்தால் பலன் தெரிகிறது, நிற்காத படியில் வைத்தால் அது வெறும் வருமான உதவிதான். வருமான உதவி தப்பில்லை. ஆனால் அதற்கு எதற்குப் பதிவேடு?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1988-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த லேர்ன்ஃபேர் வேறு ரகம். அங்கே புதிதாக ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே உதவி வாங்கிக்கொண்டிருந்த வீட்டில் 13 முதல் 19 வயதுக்குள் இருக்கும் பிள்ளை படிப்பை விட்டிருந்தாலோ, காரணமில்லாத ஆப்சென்ட் அளவுக்கு மேல் போனாலோ, அந்தப் பிள்ளைக்கான பங்கு குடும்பத்தின் தொகையிலிருந்து வெட்டப்படும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வைத்திருக்கும் பணம் அது. அடுப்பெரியும் பணம்.

பலன்? வருகை கூடியதாக மதிப்பீடுகளில் தெரியவே இல்லை. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பதினாறு வயதுப் பையன் வகுப்புக்குப் போகாததற்காக அம்மாவின் பணத்தை வெட்டினால், அடி விழுவது ஒருவருக்கு, முடிவெடுப்பது இன்னொருவர். வீட்டில் சண்டை வரும். பையன் வகுப்புக்கு வருவானா என்பது வேறு கதை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் 1989-இல் இரண்டையும் கலந்து பார்த்தது. உதவித்தொகை வாங்கும் வீடுகளில் பதின்ம வயதிலேயே தாயானவர்களுக்கான திட்டம் அது. பள்ளியில் சேர்ந்தால் 62 டாலர், பிறகு ஒழுங்காகப் போன ஒவ்வொரு மாதமும் 62 டாலர் கூடுதல். போகாவிட்டால் அதே 62 டாலர் கழிவு. இங்கே கொஞ்சம் பலன் தெரிந்தது, முக்கியமாக இன்னும் பள்ளியைவிட்டு முழுசாகப் போகாதவர்களிடம். ஏற்கெனவே படிப்பை விட்டவர்களில் சிலரைத் திரும்ப இழுத்துவந்தாலும், அவர்களைப் படிப்பை முடிக்க வைக்க அந்தத் தொகையால் முடியவில்லை. விஸ்கான்சினுக்கும் இதற்கும் நான் பார்க்கும் வித்தியாசம், இங்கே சரியாக நடந்துகொண்டால் கையில் ஏதோ வருகிறது.

நிபந்தனை போடாமல், பெயர் மட்டும் வைத்தால்?

மொராக்கோவில் 2008-இல் தய்சீர் என்ற திட்டத்தைக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் சோதித்தார்கள். முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைக்கு மாதம் 60 திர்ஹாம், அடுத்த இரண்டுக்கு 80, அதற்கடுத்த இரண்டுக்கு 100. சில ஊர்களில் மாதம் நாலு ஆப்சென்ட்டுக்கு மேல் போனால் பணம் கிடையாது. மற்ற ஊர்களில் அப்படி எந்த விதியும் இல்லை. "இது பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் பணம்" என்று சொல்லி, பள்ளியிலேயே பெயர் பதிந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

விதி இல்லாத ஊர்களிலேயே படிப்பை நிறுத்துவது ஏறக்குறைய முக்கால்வாசி குறைந்தது. விதி இருந்த ஊர்கள் அதைத் தாண்டவில்லை. கண்காணிப்புக்கு ஆன செலவுதான் மிச்சம். பள்ளிக்கூடத்துக்காக அரசு பணம் அனுப்புகிறது என்றால் படிப்பில் ஏதோ இருக்கிறது போல என்று பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இதையே எல்லா இடத்துக்கும் நீட்டிவிட முடியாது. மெக்சிகோவிலேயே ஒரு விசித்திரம் நடந்தது. நிர்வாகக் கோளாறால் சில குடும்பங்களுக்கு வருகையைப் பதியும் படிவம் போய்ச் சேரவில்லை. பணம் வந்தது, படிவம் வரவில்லை. அந்த வீடுகளில் பள்ளியில் சேர்வது மற்ற வீடுகளைவிடக் குறைவாக இருந்தது, அதிலும் தொடக்கப் பள்ளி முடித்து அடுத்த படிக்குப் போகும் இடத்தில் இடைவெளி பெரிது. ஈக்வடாரில் இதற்குத் தலைகீழ்: யாரும் கண்காணிக்கவே இல்லை, ஆனாலும் நிபந்தனை உண்டு என்று நம்பிய குடும்பங்கள்தான் பிள்ளைகளை அதிகம் சேர்த்தன. புர்கினா ஃபாசோவில் நடந்த சோதனை இன்னொன்றைக் காட்டியது. எப்படியும் படிக்க வைத்திருப்பார்கள் என்ற பிள்ளைகளுக்கு நிபந்தனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வீட்டில் கடைசியாக நினைக்கப்படும் பிள்ளைக்கு, அதாவது பெண்ணுக்கும் படிப்பில் மந்தம் என்று ஒதுக்கப்பட்டவனுக்கும், நிபந்தனையோடு வந்த பணம்தான் கூடுதலாக உதவியது.

என்னைத் தயங்க வைப்பது மலாவியின் சோம்பா மாவட்டம். 2008, 2009-இல் அங்கே கல்யாணம் ஆகாத 13 முதல் 22 வயதுப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு 80 சதவீத வருகை நிபந்தனையோடு பணம், இன்னொரு பகுதியினருக்கு நிபந்தனையே இல்லாமல். படிப்பைத் தொடர்வதில் நிபந்தனை தெளிவாக ஜெயித்தது. ஆனால் இளவயதுக் கல்யாணமும் கர்ப்பமும் குறைந்தது நிபந்தனை இல்லாத பக்கம்தான். எப்படி? நிபந்தனை போட்ட பக்கம், ஒரு பெண் பள்ளியை விட்ட நிமிஷம் அவளுக்குப் பணமும் நின்றுவிடும். இந்தப் பக்கம் பள்ளியை விட்டவளுக்கும் பணம் வந்துகொண்டே இருந்தது. அந்தக் காசு இருந்ததால் கல்யாணத்துக்கு அவசரம் இல்லை. வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் முதல் திட்டம் நல்ல திட்டம். யாருக்குப் பணம் அதிகம் தேவைப்பட்டதோ அவளைத்தான் அது கைவிட்டது.

பிரேசில்: முதலில் கடிதம்

2003-இல் வந்த போல்சா ஃபமீலியா பல வருஷங்களாக 6 முதல் 15 வயதுக்கு 85 சதவீதமும், 16, 17 வயதுக்கு 75 சதவீதமும் வருகை கேட்டது. 2023-இல் திட்டத்தைப் புதுப்பித்தபோது இதைத் தளர்த்தினார்கள்: 4, 5 வயதுக்கு 60, பள்ளிப் படிப்பு முடிக்காத 6 முதல் 18 வயதினருக்கு 75.

சதவீதத்தைவிட அதற்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டுதான் எனக்குப் பிடித்தது. வருகை குறைந்தால் முதல் தடவை எச்சரிக்கைக் கடிதம் மட்டும், பணம் அப்படியே வரும். அடுத்த தடவை ஒரு மாதத் தொகை நிறுத்தி வைக்கப்படும், பிறகு கைக்கு வந்துவிடும். அப்புறமும் தொடர்ந்தால்தான் திரும்பக் கிடைக்காத நிறுத்தம். குடும்பத்தைத் திட்டத்தைவிட்டு நீக்குவது கடைசிக் கட்டம், அதற்குள் சமூகப் பணியாளர்கள் அந்தக் குடும்பத்தோடு பேசியிருக்க வேண்டும். பள்ளியும் ஆப்சென்ட் என்று மட்டும் எழுதி அனுப்புவதில்லை. உடம்பு சரியில்லையா, வேலைக்குப் போகிறதா, கர்ப்பமா என்று காரணத்தையும் சேர்த்துப் பதிகிறது. அப்போது அந்தப் பதிவேடு, எந்த வீட்டில் பிரச்சினை என்று அரசுக்குத் தெரிவிக்கும் கருவியாகிவிடுகிறது. இதற்கு ஆள் வேண்டும், செலவு உண்டு. ஆளே இல்லாத ஊரில் இந்தப் படிக்கட்டு வெறும் தாமதமான தண்டனைதான்.

சில சின்ன மாற்றங்களும் உண்டு. இங்கிலாந்தில் 2004-இல் நாடு முழுக்க வந்த கல்வித் தொகை, 16 வயது தாண்டியவர்களுக்கு வாரம் 10, 20 அல்லது 30 பவுண்ட் என்று நேராக மாணவர் கையிலேயே போனது. அந்த வாரம் வகுப்புக்குப் போகாவிட்டால் அந்த வாரப் பணம்தான் போகும், அடுத்த வாரம் புதுக் கணக்கு. அங்கே பின்னர் செலவைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் மாதத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, அடுத்த ஆண்டு சேர்க்கை நேரத்தில் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் சேர்ந்தவர்கள் கூடினார்கள். அதே ஊர்ச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தொகை கிடைத்தபோது, கிடைக்காத சகோதரிகளின் படிப்பு அடிபட்டது. பிள்ளைக்கு ஒரு கணக்கு வைக்கும் எந்தத் திட்டமும் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? சிறு பிள்ளைகளுக்கு மொராக்கோ வழி போதும் என்பது என் எண்ணம். பெரும்பாலானோர் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் வகுப்பில் போய் ஆப்சென்ட் எண்ணுவது காகித வேலை. பள்ளி மாறும் வயதிலும், வேலைக்கோ கல்யாணத்துக்கோ இழுக்கும் வயதிலும் நிபந்தனைக்கு வேலை இருக்கிறது, ஆனால் அது மேல்தொகையின் மீது மட்டும், பிரேசில் பாணிப் படிக்கட்டோடு. அடிப்படைத் தொகையைத் தொடும் விஸ்கான்சின் வழியை நான் பட்டியலிலேயே சேர்க்கமாட்டேன். படிப்பை ஏற்கெனவே விட்டவர்களுக்கு இந்த மேல்தொகை போகாது என்பதால், அவர்களுக்கென்று நிபந்தனையில்லாத ஒரு பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும்.

இன்னொரு தலைவலி, ஆப்சென்ட் போடும் ஆசிரியர். தான் போடும் ஒரு குறியால் ஒரு வீட்டின் மாதப் பணம் போகும் என்று தெரிந்த ஆசிரியர், கொஞ்சம் இரக்கமுள்ளவர் என்றால், வராத பிள்ளைக்கும் வந்ததாகத்தான் எழுதுவார். தண்டனை பெரிசாக ஆக ஆகப் பதிவேட்டில் பொய் கூடும். முதல் குறைக்குக் கடிதம் மட்டும்தான் போகும் என்றால் உள்ளதை உள்ளபடி எழுத அவருக்குத் தயக்கம் இருக்காது.